பவளத்திற்குச் சாட்சி யார்?

பவளப்பாறைகளின் நலத்தைக் கணக்கெடுப்பதற்காகத் தம் செலவில் கடலுக்குள் இறங்கும் தன்னார்வத் தொண்டர்கள் இன்று உலகின் பல கரைகளிலும் உள்ளனர். இது போற்றத்தக்க தொண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் மன்னார் வளைகுடாவின் கரையில் வாழும் நாம் ஒரு கேள்வியை எழுப்பாமல் இருக்க இயலாது. தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கி இக்கடலின் அடித்தரையைத் தொட்டு மீண்ட மக்களை ஒதுக்கிவிட்டு, இக்கடலைக் கண்காணிக்கும் கண்களை வேறெங்கே தேடுகிறோம்?

இத்தொண்டு எத்தகையது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். கிரிகோர் ஹாட்சன் என்னும் கடலியல் அறிஞர் 1996இல் தொடங்கிய 'ரீஃப் செக்' இயக்கம், 1997இல் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் தன் முதல் கணக்கெடுப்பை நடத்தியது. அறிவியலாளர் வழிகாட்ட, தொண்டர்கள் பணிசெய்தனர். முறை எளியது. பாறையின்மீது 100 மீட்டர் நீளமுள்ள நாடாவை விரிக்கின்றனர். அதில் குறித்த பகுதிகளில், அரை மீட்டருக்கு ஒருமுறை, நாடாவின்கீழ் இருப்பது உயிருள்ள பவளமா, அண்மையில் இறந்த பவளமா, பாசியா, மணலா எனக் குறிக்கின்றனர். களவா, கிளிமீன், சிங்கி இறால் போன்ற சில உயிர்களை மட்டும் எண்ணுகின்றனர். அவை குறைந்திருந்தால், அங்கே மீன்பிடி அளவு மீறியது என்பது தெளிவாகும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 2002இல் பிறந்த 'கோரல் வாட்ச்' முறை இதனினும் எளியது. நிறங்கள் அச்சிட்ட ஓர் அட்டையைப் பவளத்தின் அருகே பிடித்து, எந்த நிறத்தோடு அது ஒத்திருக்கிறது எனக் குறித்தால் போதும். பவளத்தின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து அதற்கு உணவும் நிறமும் தருகின்றன. கடல்நீர் மிகுதியாகச் சூடேறும்போது பவளம் அப்பாசிகளை இழந்து வெளிறுகிறது. வெப்பம் நீடித்தால் மடிகிறது. எனவே நிறம் குன்றுவதே நோயின் முதல் அறிகுறி. இதைக் காண்பதற்குப் பட்டம் எதற்கு? விலையுயர்ந்த காற்றுக்கலன் எதற்கு? மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்திலேயே அமைந்தவை. மூச்சடக்கி இறங்குவோர் எட்டும் ஆழம் அது.

அவ்வாறு இறங்குவோர் யாரென்று நாம் அறிவோம். புனித சவேரியார் 1542இல் இக்கரைக்கு வந்தபோது கண்டது முத்துக்குளிக்கும் மக்களை. தூத்துக்குடியின் இறுதி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. சங்கு குளித்தலோ அதன் பின்னும் தொடர்ந்தது. தீவுகளைச் சுற்றியுள்ள ஆழமற்ற நீரில் மூழ்கிக் கடற்பாசி பறித்துப் பிள்ளைகளை வளர்த்த பெண்கள் நம் கரையில் ஆயிரக்கணக்கில் உண்டு. இவர்கள் ஒவ்வொரு பாரையும் பெயரிட்டு அழைப்பவர்கள். ஆலயக் கோபுரத்தையும் பனைமரத்தையும் குறியாகக் கொண்டு, நடுக்கடலில் பாரின் இடத்தைச் சுட்டுபவர்கள். எந்த நீவாட்டில் நீர் தெளியும், எந்தக் காற்றில் கலங்கும் என்பதை அறிந்தவர்கள். விடுமுறை நாளில் இறங்கும் தொண்டர் ஆண்டுக்கு ஒருமுறை காணும் பாறையை இவர்கள் வாரந்தோறும் காண்கின்றனர். ஆயினும் இவர்கள் கண்டது 'செவிவழிச் செய்தி' எனவும், மற்றவர் கண்டது 'தரவு' எனவும் பெயர் பெறுகின்றன. இந்தப் பாகுபாட்டையே நாம் எதிர்க்கிறோம்.

"பவளத்தை வெட்டி எடுத்தவர்களும் இவர்களே அல்லவா?" என்று சிலர் கேட்பர். உண்மையே. சுண்ணாம்புச் சூளைக்கும் கட்டடங்களுக்கும் பல்லாண்டுகளாகப் பவளக்கற்கள் வெட்டப்பட்டன. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரு தீவுகள் கடலுக்குள் அமிழ்ந்தமைக்கு அவ்வெட்டும் ஒரு பெருங்காரணம். ஆனால் வெட்டிய கை கூலிக்காரனுடையது. வாங்கிய கை எவருடையது? கூலிக்காரனின் குற்றத்தை நினைவில் வைத்திருக்கும் நாம், அந்தச் சுண்ணாம்பு யாருடைய சுவரில் ஏறியது என்பதை ஏன் மறந்தோம்? பாறை வளர்க்கும் பவளங்களுக்கு வனவிலங்குச் சட்டத்தின் உயரிய பாதுகாப்பு 2001இல் கிடைத்தது. ஆயினும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னரே அந்தத் தொழில் அடங்கியது. கண்காணிப்பு இறுகியது ஒரு காரணம். அலைக்கு முன்னே நிற்கும் அரண் எது என்பதைக் கரையோர மக்கள் உணர்ந்தது மற்றொரு காரணம். உணர்ந்தவன் காவலனாவான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

வேண்டுமெனில் பிலிப்பைன்சின் அப்போ தீவைக் காண்க. சில்லிமான் பல்கலைக்கழகத்தின் ஏஞ்சல் அல்கலா மீனவரோடு அமர்ந்து பேசினார். 1982 முதல், தீவைச் சூழ்ந்த பாறையின் ஒரு பகுதியில் மீன்பிடிப்பதை அம்மக்கள் தாமே நிறுத்தினர். தாமே காவலும் இருந்தனர். மீன் பெருகியது, அதன் பயன் வேலிக்கு வெளியே வலைவீசிய அவர்களுக்கே கிட்டியது. அறிவியலும் மக்களும் ஒரே படகில் ஏறியதால் விளைந்த நன்மை இது.

நம் கரையில் நடந்தது என்ன? 21 தீவுகளைக் கொண்ட 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் தேவையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த எல்லைக்கோடு, பாசி பறித்த பெண்ணை ஒரே நாளில் அத்துமீறியவளாக மாற்றியது. தன் வாழ்நாளெல்லாம் பாறையைப் பார்த்த ஒருத்தி, பாறை வெளிறியதைக் கண்டாலும் வாய்திறக்க அஞ்சுகிறாள். கண்டதைச் சொன்னால், எல்லைக்குள் சென்றதை ஒப்புக்கொண்டதாகிவிடும் அன்றோ! சாட்சியைக் குற்றவாளிக்கூண்டில் நிறுத்தும் ஏற்பாடு எவ்வகைக் காவல்?

தொண்டர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எண்ணுவது மட்டுமே கடமையன்று. எசேக்கியேல் நூலின் 33ஆம் அதிகாரம் காவலாளியைப் பற்றிப் பேசுகிறது. வாள் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாதவனிடமே ஆண்டவர் இரத்தப்பழியைக் கேட்கிறார். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் வெப்பத்தால் நம் பவளங்கள் வெளிறின. 2016ஆம் ஆண்டின் வெளிறலில் மட்டும், மன்னார் வளைகுடாவின் உயிருள்ள பவளப்பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காட்டிற்குச் சரிந்ததாகத் தூத்துக்குடி ஆய்வாளர் கணக்கிட்டனர். உலகளாவிய நான்காம் வெளிறல் 2024இல் அறிவிக்கப்பட்டது. இந்த வெப்பத்தை மூட்டியது நாட்டுப்படகு அன்று. உலகெங்கும் எரிந்த நிலக்கரியும் எண்ணெயும். இதை உரக்கச் சொல்லாமல் அட்டவணையோடு முடியும் கணக்கெடுப்பு, இறப்புப் பதிவேடாகவே எஞ்சும்.

"திருச்சபைக்கு இதில் என்ன வேலை?" என்போரும் நம்மிடையே உண்டு. பிலிப்பைன்ஸ் ஆயர்கள் 1988லேயே தம் நாட்டுக் கடல்களின் அழிவைக் கண்டித்து மடல் எழுதினர். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலின் 41ஆம் பத்தி பவளப்பாறைகளைப் பற்றியே பேசுகிறது. அந்த ஆயர்களின் குரலையும் அது எடுத்தாள்கிறது. திருத்தந்தை பேசிய பொருளைப் பற்றிப் பங்குக் கூட்டத்தில் பேசத் தயங்குவது எவ்வாறு பொருந்தும்?

ஆகவே நாம் கேட்பது இதுவே. சங்கு குளிப்போரும் பாசி பறிக்கும் பெண்களும் முறையான பயிற்சி பெற்று, கண்காணிப்போராக ஏற்கப்பட வேண்டும். அவர்கள் கண்டதைச் சொல்வதற்காக எவ்வழக்கும் அவர்கள்மீது பாயலாகாது. தொண்டர்க்குப் பொழுது உண்டு, அன்றாடங்காய்ச்சிக்கு இல்லை. எனவே கடலுக்குப் போகாமல் கணக்கெடுக்கும் நாளுக்கு ஊதியம் தரப்பட வேண்டும். கணக்கின் முடிவுகள் தமிழில் எழுதப்பட்டு, ஊர்க்கூட்டத்தில் படிக்கப்பட வேண்டும். நிற அட்டைகளை வாங்கிக் கொடுக்கவும், இளையோரை அனுபவம் மிக்க குளிப்போரோடு அனுப்பவும் கடலோரப் பங்குகள் முன்வரட்டும். இவற்றிற்குப் பெரும்பொருள் தேவையில்லை. இம்மக்களின் சொல்லை நம்பும் மனம் தேவை. அடுத்த கோடையில் கடல் மீண்டும் கொதிக்கும்போது, வெளிறும் முதல் பவளத்தைக் காணப்போவது அவர்களே. அவர்கள் கரையேறி வந்து சொல்லும்போது கேட்பதற்கு நாம் ஆயத்தமாக இருக்கிறோமா?