எலுமிச்சம்பழமும் தலைக்கவசமும்

மோட்டார் வண்டி வைத்திருக்கும் நம் தோழர்கள் யாரைக் கண்டாலும் இரண்டு விஷயங்களையே சொல்லிக் கொள்ளுகிறார்கள். ஒன்று பெட்ரோல் விலை. மற்றொன்று ரோட்டில் உயிருக்கு உத்திரவாதமில்லை என்பது. இரண்டும் வாஸ்தவமே. 2020-ம் வருஷம் மே மாதத்தில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை விழுந்து கிடந்தபோதுகூட, மத்திய சர்க்கார் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரி ஏற்றிற்று. இதைக் கேட்க வேண்டியதுதான். ரோட்டுக் குழியைப் பற்றியும் கேட்க வேண்டியதுதான்.

ஆனால், நாம் கேட்பது வேறொன்று. புது வண்டி வாங்கியதும் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள். ஆயுத பூஜையன்று நடுரோட்டில் பூசணிக்காயை உடைத்து, பின்னால் வருகிறவன் சறுக்கி விழ வழி செய்கிறார்கள். இவ்வளவும் செய்தவர் தலைக்கவசத்தை மாத்திரம் பெட்ரோல் டாங்கியின்மேல் வைத்துக்கொண்டு, போலீஸ்காரர் நிற்கும் முனை வந்தால்தான் மாட்டுகிறார். 2022-ல் இந்தியாவில் ரோட்டு விபத்தில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் தலைக்கவசமில்லாமல் செத்தவர்கள் 50,029 பேர் என்றும், 100-க்கு 71 பேருக்கு மேல் அதிவேகத்தால் செத்தார்களென்றும் சர்க்கார் கணக்கே சொல்லுகிறது. அந்த வண்டிகளில் எலுமிச்சம்பழம் காணாதவை எத்தனை இருக்கும்?

இந்த வேகம் உயிரோடு காசையும் தின்கிறது. வேகம் இரட்டித்தால் எதிர்க்காற்றின் தடை நான்கு மடங்காகிறது. அதைத் தள்ளிக்கொண்டு போக எரிவது நம் பெட்ரோல்தான். டயரில் காற்றுக் குறைந்தாலும் அப்படியே. சர்க்காரைத் திட்டிக்கொண்டே பறக்கிறவர், சர்க்கார் போடாத வரியொன்றைத் தமக்குத் தாமே போட்டுக் கொள்ளுகிறார். கேட்டால் தலைவிதி என்கிறார். டயருக்குக் காற்றடிக்கவும், தலைக்கவசத்தின் வாரைத் தாடையில் மாட்டவும் எந்த ஜோசியரிடம் போய் நல்ல நேரம் கேட்க வேண்டும்?