பூனைக்கு இன்சுலின்: அளவை நாமே கூட்டலாமா?

தாத்தாவுக்குச் சர்க்கரை, அத்தைக்குச் சர்க்கரை என்று கேட்டுப் பழகிய வீடுகளில், 'பூனைக்கும் சர்க்கரை' என்று கால்நடை மருத்துவர் சொன்னால் முதலில் சிரிப்புதான் வரும். 'காலையும் ராத்திரியும் நீங்களே ஊசி போடணும்' என்று அவர் அடுத்த வரியைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிடும்.

ஆனால், ஊசி போடுவது சில நாள்களில் பழகிவிடுகிற வேலைதான். தளர்வாக இருக்கும் தோலை லேசாகத் தூக்கிப் பிடித்து மெல்லிய ஊசியைச் செலுத்தினால், பல பூனைகள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைக்கூட எடுக்காது. சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. 'காலையில 350 காட்டுதே, அரை யூனிட் கூட்டிப் போட்டுடலாமா?'

போடக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

யாருக்கு வரும்?

பூனைகளுக்கு வரும் சர்க்கரைநோய் பெரும்பாலும் மனிதர்களின் டைப் 2 போன்றது. நடுத்தர வயதைத் தாண்டிய, உடல் பருத்த, கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனைகளுக்கு வாய்ப்பு அதிகம். தொடர்ந்து ஸ்டீராய்டு மருந்து எடுத்த பூனைகளுக்கும் வரலாம். அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, லிட்டர் பாக்ஸ் சீக்கிரம் நனைந்துபோவது, நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது ஆகியவை அறிகுறிகள். சில பூனைகள் பின்னங்கால்களின் குதிகால் தரையில் பட நடக்கும்.

அரை யூனிட் சின்ன விஷயமா?

மனிதர்கள் 10, 20 யூனிட் என்று போட்டுக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு, அரை யூனிட் ஒன்றுமே இல்லாத அளவாகத் தெரியும். நான்கைந்து கிலோ எடையுள்ள பூனைக்குப் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 யூனிட் என்ற அளவில்தான் மருத்துவர் தொடங்குவார். அதை ஒன்றரை ஆக்கினால், ஒரே நாளில் மருந்தைப் பாதிப் பங்கு உயர்த்திவிட்டோம் என்று அர்த்தம்.

புதிய அளவுக்கு உடல் பழகுவதற்குச் சில நாள்கள் வேண்டும். அதனால்தான் மருத்துவர்கள் பொதுவாக ஒன்று அல்லது இரண்டு வார இடைவெளியில், அரை யூனிட் அல்லது 1 யூனிட் என்று கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிறார்கள். சர்க்கரை ரொம்ப இறங்கினால் மட்டும் காத்திருக்காமல் உடனே குறைப்பார்கள்.

ஒரு எண்ணை நம்பாதீர்கள்

காலையில் ஊசிக்கு முன் 350. மதியம் 70. மாலையில் 340. ஒரு பூனைக்கு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காலையும் மாலையும் மட்டும் பார்த்தவர், 'மருந்து பத்தலை' என்று அளவைக் கூட்டுவார். ஆனால் மதியமே 70 வரை இறங்குகிற பூனைக்கு மருந்தைக் கூட்டினால், அடுத்த நாள் மதியம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

எனவே, அளவைத் தீர்மானிப்பதில் முக்கியமானது அன்றைய மிகக் குறைந்த எண். அதைக் கண்டுபிடிக்க, ஊசிக்கு முன் ஒருமுறை, பிறகு 2 மணி நேரத்துக்கு ஒருமுறை என 12 மணி நேரம் சர்க்கரையைப் பார்த்துக் குறிக்க வேண்டும். அந்தக் குறைந்த எண் 80 முதல் 150-க்குள் இருப்பதைத்தான் பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள். 80-க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

இந்தச் சோதனையை வீட்டில் செய்வதில் ஒரு லாபமும் உண்டு. மருத்துவமனைப் பயத்திலேயே பூனைகளுக்குச் சர்க்கரை எகிறிவிடும். வீட்டில் காது ஓரத்தில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்தால் நிஜ நிலவரம் தெரியும். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் குறைத்துக் காட்டும் என்பதால், எந்தக் கருவியில் பார்த்தீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூடியின் நிறத்தைப் பாருங்கள்

ஃப்ரிட்ஜில் தாத்தாவின் இன்சுலினும் இருக்கிற வீடா? அப்படியானால் கூடுதல் கவனம் தேவை. இன்சுலின் குப்பிகளில் யூ-40, யூ-100 என இரண்டு வகை உண்டு. முன்னதில் ஒரு மில்லியில் 40 யூனிட், பின்னதில் 100 யூனிட். யூ-40 சிரிஞ்சின் மூடி பொதுவாகச் சிவப்பு, யூ-100 சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. யூ-100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் '1' வரை இழுத்தால், உள்ளே போவது இரண்டரை யூனிட்! பூனையின் மருந்தையும் சிரிஞ்சையும் பெயர் எழுதித் தனி டப்பாவில் வையுங்கள்.

சாப்பிடவில்லை என்றால்?

பூனை தட்டைத் தொடவில்லை, அல்லது வாந்தி எடுக்கிறது என்றால் வழக்கமான அளவைப் போடும் முன் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். அம்மா போட்டாரா, மகள் போட்டாளா என்று சந்தேகமா? இன்னொரு முறை போட வேண்டாம். ஒரு வேளை ஊசி தவறினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். இரட்டிப்பாகப் போனால் சமாளிப்பது கடினம். விட்டுப்போன ஊசிக்கு ஈடாக அடுத்த வேளை கூட்டிப் போடுவதும் கூடாது.

தள்ளாடினால் தாமதிக்காதீர்கள்

சோர்வு, தள்ளாட்டம், உடல் துடிப்பு, வலிப்பு ஆகியவை சர்க்கரை அதிகமாக இறங்கிவிட்டதன் அடையாளங்கள். நினைவோடு இருந்தால் உடனே சாப்பாடு கொடுங்கள். சாப்பிட முடியாவிட்டால் தேன் அல்லது குளுக்கோஸ் கரைசலை ஈறில் தடவிவிட்டு, மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மயங்கிய பூனையின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

ஊசி நிற்கும் நாளும் வரலாம்

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, முறையாக இன்சுலினும் மாவுச்சத்து குறைந்த உணவும் கொடுத்தால், சில பூனைகளுக்குச் சில மாதங்களில் இன்சுலினே தேவைப்படாமல் போகும். சந்தோஷமான செய்திதான். ஆனால், உடல் தேறி வருவது தெரியாமல் பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால், அந்த நல்ல மாற்றமே ஆபத்தாகிவிடும். உணவை மாற்றுவதாக இருந்தாலும் மருத்துவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு நோட்டுத் தாளை ஒட்டுங்கள். தேதி, நேரம், சர்க்கரை அளவு, போட்ட யூனிட், சாப்பிட்டதா, ஊசி போட்டது யார் என்று ஆறு கட்டங்கள் போதும். அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். அந்த முடிவு சரியாக இருக்கத் தேவையான கணக்கு உங்கள் வீட்டுத் தாளில் இருக்கட்டும்.