ஆற்றில் போட்டாலும் அளந்து போடு



நம் ஆண்டு மலரில் வழக்கமாக வேலைவாய்ப்பு, நட்பு, நாட்டுப்பற்று பற்றியெல்லாம் எழுதுவார்கள். நான் எழுத வந்திருப்பது ஜன்னல் துணியைப் பற்றி! "சிவில் படிக்கிறவனுக்கு இது எதுக்குடா?" என்று என் அறைத் தோழனே சிரித்தான். நீங்களும் சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் ஊர் கரூர். ஜன்னல் திரை, மேசை விரிப்பு, சமையலறைத் துணி என்று வீட்டு உபயோகத் துணிகள் கடல் கடந்து போகிற ஊர். என் அம்மா வீட்டிலேயே இரண்டு தையல் மிஷின் போட்டு, உள்ளூர் வீடுகளுக்கு ஸ்கிரீன் தைத்துக் கொடுக்கிறார். ஸ்கிரீனுக்கு மேலே, கம்பி தெரியாமல் மறைக்க ஒரு குட்டைத் துணி தொங்குமே, கடைக்காரர்கள் அதை 'வேலன்ஸ்' என்பார்கள். அம்மாவுக்கு அது 'மேல் ஃப்ரில்'. மரப்பெட்டியாகச் செய்தால் பெல்மெட். பார்க்கச் சின்னச் சமாச்சாரம்தான். ஆனால் தைக்கிறவர்களைக் கேளுங்கள், ஸ்கிரீனைவிட அதுதான் தொல்லை என்பார்கள். ஸ்கிரீன் இரண்டு அங்குலம் கூடக் குறைய இருந்தால் இழுத்து மூடிச் சமாளிக்கலாம். மேல் ஃப்ரில் கண்ணுக்கு நேரே நிற்கும், ஓடி ஒளியாது!

நான் இரண்டாமாண்டு படித்தபோது நடந்தது இது. புது வீடு ஒன்றில் ஆறு ஜன்னலுக்கு மேல் ஃப்ரில் ஆர்டர் வந்தது. அம்மாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல். "நீ போய் அளந்துட்டு வா கண்ணு. நீதான் சர்வே எல்லாம் படிக்கறியே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு இன்ஜினியர் மாதிரியே போனேன்.

ஹாலில் ஒரு ஜன்னலை அளந்தேன். சரியாக நான்கு அடி. மேஜை மேல் வீட்டின் பிளான் இருந்தது. ஆறு இடத்திலும் 'டபிள்யூ' என்று போட்டிருந்தது. உள் அறையில் பெரியவர் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப மனசில்லை. "எல்லாம் ஒரே அளவுதானுங்க்கா?" என்றேன். "அப்படித்தான் நினைக்கிறேன் தம்பி" என்றார் வீட்டு அம்மா. ஒன்றை ஆறால் பெருக்கி எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது என்று பெருமை வேறு!

தைத்து முடித்து மாட்டப் போன அன்றுதான் தெரிந்தது. பிளானில் நான்கு இடத்தில் 'டபிள்யூ', இரண்டு இடத்தில் 'டபிள்யூ ஒன்று'. அந்தச் சின்ன 'ஒன்று' என் கண்ணில் படவில்லை. படுக்கையறை ஜன்னல்கள் இரண்டும் ஆறடி. இன்னொரு அறையில் ஜன்னல் தலைக்கு மேலேயே லாஃப்ட் ஸ்லாப்; பலகை அடிக்க மேலே இடமே இல்லை. ஸ்லாப்புக்கு அடியில் அடித்தால் துணி ஜன்னலில் பாதி வெளிச்சத்தை விழுங்கிவிடும். ஆறில் மூன்று தப்பு.

அம்மா அந்த இரண்டையும் பிரித்து, சுருக்கத்தை இளக்கி ஆறடிக்கு இழுத்துப் பார்த்தார். மற்றவை செழிப்பாகத் தொங்க, இவை மட்டும் வற்றிப்போய் நின்றன. வீட்டு அம்மா கோபப்படவில்லை. "ஆறும் ஒரே மாதிரி இருக்கணும்ங்க" என்று மட்டும் சொன்னார். நியாயம்தானே? கூடுதல் துணி வாங்கலாம் என்றால் அந்த லாட் தீர்ந்துவிட்டது. அடுத்த லாட்டில் சாயம் ஒரு மாற்று வெளுப்பு. ஆறுக்கும் புதுத்துணி வாங்க வேண்டியதாயிற்று. அம்மா சீட்டுப் பணத்தை எடுத்தார். அது என் அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்கு என்று போட்டு வந்த சீட்டு. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "என்ன கண்ணு இப்படிப் பண்ணிப்போட்ட... ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார். அவ்வளவுதான். நான்கு இரவு விடிய விடிய மிஷின் ஓடியது. அந்தச் சத்தத்தில் நான் தூங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அம்மாவிடம் உட்கார்ந்து ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். நான்கு அடி ஜன்னல் என்றால் எவ்வளவு துணி? உங்களில் எத்தனை பேர் சொல்வீர்கள்? போட்டுப் பார்ப்போம்.

ஜன்னல் திறப்பு 48 அங்குலம். ஸ்கிரீன் கம்பி இரு பக்கமும் ஆறு ஆறு அங்குலம் வெளியே போகும்: 60. அந்தக் கம்பியை மறைக்க மேல் பலகை இரு பக்கமும் இரண்டு இரண்டு அங்குலம் கூட வேண்டும்: 64. பலகை சுவரிலிருந்து ஐந்து அங்குலம் முன்னால் நீட்டி நிற்கிறது. பக்கவாட்டிலும் துணி திரும்ப வேண்டும், அதற்குப் பத்து: 74. நல்ல சுருக்கம் வேண்டுமானால் இரண்டு மடங்கு: 148. ஓரம் மடிக்க மூன்று: 151. துணியின் அகலம் 54 என்றால் மூன்று துண்டு ஒட்ட வேண்டும். ஒட்டுத் தையலுக்கு இரண்டு அங்குலம் போனாலும் 160 நிற்கும். போதும்.

இனி உயரம். ஸ்கிரீன் 84 அங்குலம் என்றால் மேல் ஃப்ரில் அதில் ஐந்தில் ஒரு பங்கோ ஆறில் ஒரு பங்கோ இருந்தால் பார்வைக்குப் பொருந்தும். ஆறில் ஒன்று 14. மேல் மடிப்புக்கு மூன்று, கீழ் மடிப்புக்கு மூன்று: 20. மூன்று துண்டுக்கு 60 அங்குலம், அதாவது ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பூப்போட்ட துணியாக இருந்து, அந்தப் பூ 24 அங்குலத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறதா? அப்படியானால் ஒவ்வொரு துண்டையும் 24-ல்தான் வெட்ட வேண்டும். இல்லையென்றால் ஒட்டுகிற இடத்தில் பூவின் தலை ஒரு பக்கம், காம்பு ஒரு பக்கம். அப்போது 72 அங்குலம், 1.83 மீட்டர். பருத்தி என்றால் சுருங்கும். வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காயப்போட வேண்டும், அதற்கும் சேர்த்து வாங்க வேண்டும்.

இதே கணக்கை ஆறடி ஜன்னலுக்குப் போடுங்கள்: 199 அங்குலம் வருகிறது. மூன்று துண்டு பற்றாது, நான்கு வேண்டும். நான் தொலைத்தது அந்த நான்காவது துண்டைத்தான்!

அளப்பதிலும் பாடம் உண்டு. அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். சட்டத்துக்கு உள்ளே பொருத்துவதானால் மூன்றில் குறைந்ததுதான் கணக்கு. மூலைக்கு மூலை அளந்து இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் ஜன்னல் கோணல். கோணல் ஜன்னலுக்கு, சரிந்த கூரைக்குக் குறுக்குக்கோடு போட்ட துணியைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் கொத்தனாரின் குறையை ஊருக்கே கோடு போட்டுக் காட்டும். தூசி பறக்கும் சாலையோர வீட்டுக்குச் சுருக்கம் நிறைந்த ஃப்ரில் வேண்டாம்; மடிப்பில்லாத தட்டைத் துணி போதும், துணியும் பாதிதான் ஆகும். அடுப்புக்கு மேலே உள்ள ஜன்னலுக்குத் துணியே வேண்டாம். அடிக்கடி துவைக்க வேண்டும் என்றால் வெல்க்ரோ வைக்கலாம்: மெத்தென்ற பக்கம் துணியில், முள் பக்கம் பலகையில். மாற்றி வைத்தால் துவைக்கும்போது முள் எல்லாத் துணியையும் பிடித்துக் கிழிக்கும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு உள்துணி கொடுத்துத் தைக்க வேண்டும், வெயிலில் சாயம் போகும்.

அலகிலும் கவனம் வேண்டும். 1956-லேயே மெட்ரிக் முறைக்குச் சட்டம் வந்துவிட்டது. கடையில் துணி மீட்டரில்தான். ஆனால் தையல்காரர் வாயில் அங்குலம், பெரியவர்கள் வாயில் இன்னும் கெஜம். இரண்டு கெஜம் வேண்டிய இடத்தில் இரண்டு மீட்டர் வாங்கினால் மிச்சம்; இரண்டு மீட்டர் வேண்டிய இடத்தில் இரண்டு கெஜம் வாங்கினால் பதினேழு சென்டிமீட்டர் துண்டு விழும். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் நாசா செவ்வாய்க்கு அனுப்பிய விண்கலம் ஒன்று 1999-ல் தொலைந்து போனதற்குக் காரணம், ஒரு தரப்பு பவுண்டுக் கணக்கிலும் மறு தரப்பு நியூட்டன் கணக்கிலும் வேலை செய்ததுதான்.

சரி, இதையெல்லாம் நமக்கு ஏன் சொல்கிறேன்?

நண்பர்களே, மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். வெர்னியர், ஸ்க்ரூ கேஜ் பிராக்டிகலில் நாம் எத்தனை பேர் உண்மையாக ரீடிங் எடுத்தோம்? சீனியர் ரெக்கார்டைப் பார்த்து விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கு ஏற்ற ரீடிங்கைப் பின்னாலிருந்து போட்டவர்கள்தானே நாம்? சர்வே பிராக்டிகலில் ஒருவன் செயின் பிடிக்க, மீதி ஒன்பது பேர் வேப்பமர நிழலில் உட்கார்ந்து காப்பி அடித்தோமே! நானும் அடித்தேன். மதிப்பெண்ணும் வந்தது. அந்தப் பழக்கம்தான் என்னை ஒரு ஜன்னலை அளந்து ஆறால் பெருக்க வைத்தது. ரெக்கார்டில் பொய் ரீடிங் யாரையும் கடிக்காது. வெளியே வந்தால் அது யாருடைய சீட்டுப் பணத்தையாவது தின்றுவிடும். நாளைக்கு நாம் அளக்கப் போவது துணியை மட்டும் அல்ல. கம்பியை, பில்லரை, பாய்லரை, மின்கம்பியை. அங்கே தப்பினால் போவது பணம் மட்டும்தானா?

"இப்போதுதான் லேசர் வந்துவிட்டதே, பட்டனை அமுக்கினால் அளவு தெரிகிறதே" என்பார்கள். தெரியும், ஒத்துக்கொள்கிறேன். நானும் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் எதை அளக்க வேண்டும் என்று லேசர் சொல்லாது. மேலே லாஃப்ட் இருக்கிறது, பக்கத்தில் கதவு உள்பக்கம் திறக்கிறது என்று அது எச்சரிக்காது. தூங்குகிற பெரியவர் எழும்வரை காத்திருக்கச் சொல்லாது. அந்தப் புத்தி அளக்கிறவனுக்குத்தான் வேண்டும்.

இன்னொரு விஷயம். நம்மில் பலர் ஸ்டீல் டேப்பின் முனையில் இருக்கும் கொக்கி ஆடுவதைப் பார்த்து, "டேப் போச்சுடா" என்று ரிவெட்டைத் தட்டி இறுக்கியிருக்கிறோம். அது வேண்டுமென்றே அப்படிச் செய்தது. வெளியே மாட்டி இழுக்கும்போதும், உள்ளே சுவரில் முட்டும்போதும் கொக்கியின் கனம் கணக்கில் தப்பு விளைவிக்காமல் இருக்க, அந்தக் கனத்தின் அளவுக்கே அது நகரும். பள்ளிக்கூடமே போகாத எங்கள் பக்கத்து வீட்டுத் தச்சர் இதை எனக்குச் சொன்னார். ஸீரோ எர்ரருக்கு இரண்டு மதிப்பெண் வாங்கிய எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதுதான். தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவர்களையும் தச்சரையும் 'படிக்காதவர்கள்' என்று நாம் பார்க்கிற பார்வை முதலில் மாற வேண்டும். கத்தரி தொட்டபின் திரும்ப வழியில்லாத வேலையை ஒவ்வொரு நாளும் செய்கிறவர்கள் அவர்கள்.

நம் மாணவர் சங்கத்துக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒன்று: முதலாமாண்டு ஒர்க்‌ஷாப்பின் முதல் வாரத்தில், எல்லாத் துறை மாணவர்களும் நம் கல்லூரியின் ஏதாவது ஓர் அறையை ஆளுக்கொரு முறை தனித்தனியே அளக்க ஏற்பாடு செய்யக் கேட்போம், பிறகு எல்லோருடைய அளவையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவோம். எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று பார்த்தாலே பாதிப் பாடம் புரிந்துவிடும். இரண்டு: பழைய ரெக்கார்டு நோட்டுகளை ஜூனியர்களுக்குக் கைமாற்றும் வழக்கத்தை நாமே நிறுத்துவோம். மூன்றாவது மிகச் சுலபம்: ஆளுக்கொரு டேப் வாங்கிப் பையில் வைப்போம்.

தப்பாகத் தைத்த அந்தத் துணி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு சின்ன ஜன்னல், அதற்கு மாட்ட முடியாது. அம்மா அதைத் தலையணை உறையாகத் தைத்துவிட்டார். தினமும் அந்தப் பூக்களின் மேல்தான் தலை வைத்துப் படுக்கிறேன். இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் எல்லா அறைக்குள்ளும் போய்த்தான் அளக்கிறேன். யாராவது தூங்கினால், எழும்வரை திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது சிரியுங்கள் நண்பர்களே! சிரித்து முடித்ததும், நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையின் ஜன்னலை ஒருமுறை அளந்து பாருங்கள். மூன்று இடத்தில்.

— மூன்றாமாண்டு மாணவன், கட்டடவியல் துறை