துருவேறிய இழைப்புளி



குரோம்பேட்டையின் ஈரக்காற்றில் பரணில் துருவேறிக் கிடக்கும் பாட்டனாரின் இரும்பு இழைப்புளியைப் பழைய இரும்பு விலைக்கு நிறுத்துப் போட்டுவிடாதீர்கள். 1869இல் அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம் விலைக்கு வாங்கிய லெனார்ட் பெய்லியின் அமைப்புதான் பெரும்பாலான இரும்பு இழைப்புளிகளில் இன்றும் உள்ளது.

திருகு இறுகியிருந்தால் மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு பொறுங்கள். சுத்தியலால் தட்டினால் வார்ப்பிரும்பு உடையக்கூடும். மரக் கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு, இரும்பு உறுப்புகளை வினிகரில் ஓரிரவு ஊறவைத்துத் தேய்த்து, ஆப்ப சோடா கரைத்த நீரில் அலசி, உடனே துடைத்துலர்த்தி எண்ணெய் பூசுங்கள். நாட்கணக்கில் ஊறினால் அமிலம் இரும்பையே அரித்துவிடும்.

வெட்டும் தகட்டை நெருப்பிலிட்டுத் துருவகற்றுவோரும் உளர். அதைவிடத் துருவே மேல்! எஃகின் பதம் போனபின் கூர் நில்லாது. சாணை பிடிக்கையிலும் அடிக்கடி நீரில் நனைத்துக்கொள்ளுங்கள். கூர்விளிம்பை ஒட்டிய பகுதியில் துருக்குழி இல்லையெனில் கவலை வேண்டாம்; மற்ற இடத்துத் தழும்புகள் இழைப்பைக் கெடுக்கமாட்டா.