கார்புரேட்டரா, பீச்சுமுறையா?

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு யந்திர விஷயத்தில் என்ன வேலையென நண்பர் சிலர் நகைக்கலாம். எதற்கு எது பொருந்துமென ஆராய்தல் எல்லாக் கலைக்கும் பொதுவாதலின், அந்நகையைப் பொருட்படுத்தாது நம் அபிப்பிராயத்தை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தம் கையாலேயே கார் அமைத்துக்கொள்ளும் வழக்கம் இங்கிலாந்தில் நெடுநாளாக உண்டு. 1957இல் தோன்றிய லோட்டஸ் செவன் என்னும் சிறு கார் அவ்வழக்கத்துக்குப் பெருமை தந்தது. 1996இல் ரான் சாம்பியன் என்பார் 250 பவுன் செலவில் கார் கட்டும் வகையைப் புகட்டும் நூலொன்றை வெளியிட்டபின், எளியோரும் இதில் ஊக்கங்கொண்டனர். அவருட் சிலர் மோட்டார் சைக்கிள் யந்திரத்தையே காரிற் பொருத்தலாயினர். எடை குறைவு, சுழற்சி மிகுதி, கியர்ப்பெட்டியும் உடன்பிணைந்தே வரும். அங்ஙனம் பொருத்துவோர்க்கு எழும் முதல் வினாவே இக்கட்டுரையின் தலைப்பு.

கார்புரேட்டர், காற்று தான் விரைந்து செல்லும் வேகத்தாலேயே பெட்ரோலை உறிஞ்சிக் கலக்கும் கருவி. பீச்சுமுறையில், சிறு கணிப்பொறியொன்று காற்றின் அளவையும் வெப்பத்தையும் பிறவற்றையும் உணர்கருவிகளால் அறிந்து, வேண்டுமளவு பெட்ரோலைப் பீச்சுவிக்கும். யமஹா ஆர்1 என்னும் வண்டி 1998இல் கார்புரேட்டருடன் பிறந்து, 2002இல் பீச்சுமுறைக்கு மாறியது. ஆதலின் இரண்டும் சந்தையிற் கிடைப்பனவே.

பீச்சுமுறையே சிறந்ததென்பார் கூற்றில் உண்மையுண்டு. குளிர்காலையில் எளிதிற் கிளம்பும், மலையேறினும் கலவை பிழையாது, புகையும் குறையும். எனினும், அதற்கு வளிமண்டலத்தைப் போல் ஏறத்தாழ 3 மடங்கு அழுத்தந்தரும் பம்பும், அதனைத் தாங்கும் குழாய்களும் வேண்டும். கார்புரேட்டருக்குப் போதுமான ரப்பர்க் குழாயை அங்கு மாட்டுதல் நெருப்போடு விளையாடுதலேயாம்.

இன்னுமொன்று. மோட்டார் சைக்கிள் வளைவிற் சாய்ந்து செல்லும், கார் சாயாது. ஆதலின் தொட்டியிலுள்ள பெட்ரோல் ஒருபுறம் ஒதுங்க, பம்பு கணப்பொழுது காற்றை விழுங்கும். கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்திலுள்ள சிறு சேமிப்பு அக்கணத்தை ஒருவாறு கடத்திவிடும். பீச்சுமுறைக்கு அச்சேமிப்பில்லை, தொட்டிக்கும் பம்புக்கும் இடையே தனிக்கலமொன்று வைத்தல் இன்றியமையாதது.

நிற்க. கார்புரேட்டரும் குறையற்றதன்று. தாழ்ந்த மூடியின்கீழ் இடமின்மையால் காற்றுப்பெட்டியை நீக்குவோர் உளர். நீக்கின் கலவை கெடும்; ஜெட்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்தே சீர்செய்தல் வேண்டும். நான்கு கார்புரேட்டர்களையும் ஒத்திசைய வைத்தலும் பொறுமைக்குச் சோதனையே.

நம் முடிவு இது: யந்திரம் எதனோடு பிறந்ததோ அதனோடே அதனை வைத்தல் நலம். பீச்சுமுறை யந்திரம் வாங்குவோர், கணிப்பொறி, கம்பித்தொகுதி, உணர்கருவி, சாவி ஆகிய யாவற்றையும் ஒரே வண்டியினின்று பெறுக. ஒன்று குறையினும், அதனைத் தேடும் செலவு யந்திரத்தின் விலையையும் விஞ்சக்கூடும். முதன்முறை கார் கட்டுவோரும் கைப்பொருள் சுருங்கியோரும் கார்புரேட்டர் யந்திரத்தையே நாடுக. அதன் பிழையைத் திருகுளி கொண்டு கண்டறியலாம். கற்றதும் கையிலேயே நிற்கும்.

இது பழமையைப் பாராட்டுதலாகாதோ எனின், ஆகாது. 2009 முதல் அந்நாட்டில் நடைபெறும் தனிவாகனச் சோதனையில் யந்திரத்தின் வயதுக்கேற்பப் புகைவரம்பு விதிக்கப்படுகின்றது. நம் நாட்டிலும் 2020இல் வந்த பாரத் 6 விதியால் புதிய மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் பீச்சுமுறையையே ஏற்றன. பலரும் சுவாசிக்கும் காற்றின் பொருட்டு அம்மாற்றம் தக்கதே. புதிதாகச் செய்வோர்க்கு அது கடமை. பழைய யந்திரமொன்றைக் கொட்டகையிற் கட்டி ஓடவைக்கும் இளைஞனுக்கோ, முடிவுறாத சிறந்த காரினும் முடிவுற்ற எளிய காரே ஆசிரியனாம்.