பெட்ரோல் யந்திரமும் பள்ளத்தாக்கு மாணாக்கரும்

ரேடியோவினால் தரையிலிருந்து செலுத்தப்பெறும் சிறு விமானங்களைத் தாமே கட்டிப் பறக்கவிட வேண்டுமென்னும் ஆவல் நம் மாணாக்கரிடையே இப்பொழுது மிகுந்து வருகின்றது. இது மகிழத்தக்கதே. ஆயினும் இவ்வாவலுடையாரிற் பெரும்பாலோர், பாட்டரியும் மின்மோட்டாரும் பூட்டிய விமானமே போதும், பெட்ரோல் யந்திரம் பழைய சரக்கு, அதனைத் தொடுவானேன் என்று எண்ணுகின்றனர். ஆசிரியர்களுள்ளும் சிலர் இவ்வபிப்பிராயமுடையர். தேனி, போடி, சின்னமனூர், கம்பம் முதலிய ஊர்களினின்று மாணாக்கர் பலர் வந்து பயிலும் நம் கல்லூரிக்கு இக்கருத்துப் பொருந்தாது என்பதும், ஒரு பெட்ரோல் யந்திரமேனும் நம் விஞ்ஞானக் கழகத்தில் இருத்தல் வேண்டும் என்பதுமே யாம் இங்குச் சொல்லப் புகுந்தவை.

எதிர்க்கட்சியாரின் வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. மின்மோட்டார் பொத்தானை அமுக்கியவுடன் சுழல்கின்றது. புகையில்லை, எண்ணெய்ப் பிசுக்கில்லை, அண்டைவீட்டார் சண்டைக்கு வருவதுமில்லை. முதன்முதல் விமானம் செலுத்தப் பழகுபவனுக்கு அதுவே ஏற்றது என்பதில் எமக்கும் ஐயமில்லை. ஆனால் அதனிடத்திற் கற்றுக்கொள்ளுதற்கு என்ன இருக்கின்றது? ஓடினால் ஓடுகின்றது, ஓடாவிடில் புதிது வாங்குகின்றோம். ஏன் ஓடவில்லை என்ற கேள்வியைக் கேட்கவும், அதற்கு விடையைத் தன் கையாலும் காதாலும் தேடிக் காணவும் மாணாக்கனை வற்புறுத்துவது பெட்ரோல் யந்திரம் ஒன்றே.

பள்ளத்தாக்கிற் பிறந்தார்க்கு இவ்யந்திரம் அந்நியமுமன்று. திராட்சைத் தோட்டங்களில் மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், மலைமேல் ஏலத்தோட்டங்களிற் களைவெட்டும் கருவி, மரமறுக்கும் சங்கிலி ரம்பம் ஆகியவற்றுட் பெரும்பாலானவற்றில் இருப்பது சிறிய டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் யந்திரமே. பெரிய மாதிரி விமானங்களுக்கான பெட்ரோல் யந்திரங்கள் தோன்றிய வரலாறும் ஈதே. மேனாட்டு அன்பர்கள் சங்கிலி ரம்பத்திலும் புல்வெட்டும் கருவியிலும் இருந்த யந்திரங்களைக் கழற்றி, விசிறி பூட்டி, விமானத்தின் மூக்கில் வைத்துப் பறக்கவிட்டனர்; விமானத்திற்கென்றே தனி யந்திரங்கள் செய்யப்பெற்றது பின்னரே. இன்றும் இரண்டின் கார்புரேட்டரும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. தோலைப்போன்ற மெல்லிய டயாபிரம் ஒன்று அதனுள் இருந்துகொண்டு, யந்திரத்தின் அடிப்பெட்டியிலெழும் அழுத்தத் துடிப்பினால் தானே பெட்ரோலை இழுத்துத் தருகின்றது. விமானம் தலைகீழாய்ப் புரண்டாலும், ரம்பத்தைப் பக்கவாட்டிற் சாய்த்தாலும் யந்திரம் நில்லாதோடுவதன் இரகசியம் இதுதான். ஆகவே தந்தையின் தோட்டத்து ஸ்பிரேயரை நன்கறிந்த மாணாக்கன், விமானத்து யந்திரத்தைப் பாதியேனும் அறிந்தவனாகின்றான்.

இனி அதனைக் கிளப்பும் முறையைக் கூறுவோம். டூ-ஸ்ட்ரோக் யந்திரத்திற்கு எண்ணெய் தனியே ஊற்றும் தொட்டியில்லை. பெட்ரோலிலேயே கலக்க வேண்டும். செய்தவர் குறித்த அளவே பிரமாணம். நாற்பதுக்கு ஒன்று என்று குறித்திருந்தால் லிட்டருக்கு 25 மில்லி எண்ணெய் என்று கொள்க. தீப்பொறிச் சுவிட்சை அணைத்து, சோக்கை மூடி, குழாயிற் காற்றுக்குமிழிகள் மறைந்து பெட்ரோல் கார்புரேட்டரை எட்டும்வரை விசிறியைச் சுழற்றுக. பின்னர்ச் சுவிட்சைப் போட்டு, திராட்டிலைச் சிறிதே திறந்து, சோக்கை மூடியபடியே மறுபடியும் சுழற்றுக. யந்திரம் ஒருமுறை இருமும். அவ்விருமலைக் கேட்பதே இவ்வித்தையின் முதற்பாடம். கேளாது மேன்மேலுஞ் சுழற்றுபவன் உள்ளே பெட்ரோலை நிரப்பி, பிளக்கை நனைத்து, பின்னர் அரைமணி நேரம் அதனைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பான். இருமியவுடன் சோக்கைத் திறந்து மீண்டும் நாலைந்து முறை சுழற்றினால் யந்திரம் பிடித்துக்கொள்ளும்.

பிடித்தபின் உடனே வேகத்தைக் கூட்டுதல் கூடாது. சூடேறட்டும். அதன்பிறகே சுருதி சேர்ப்பது. கார்புரேட்டரில் இரண்டு திருகூசிகள் உண்டு. ஒன்று குறைந்த வேகத்திற்கு, மற்றொன்று முழுவேகத்திற்கு. இரண்டையும் மெல்ல மூடி, ஏறக்குறைய ஒன்றரைச் சுற்றுத் திறந்துவைத்துத் தொடங்குவது பொதுவழக்கு. யந்திரத்திற்கு யந்திரம் இது சிறிது மாறும். முதலிற் குறைந்த வேகத்து ஊசி. திராட்டிலைச் சட்டெனத் திறந்தால் யந்திரம் திடுக்கிட்டு நின்றுவிடுமாயின் பெரும்பாலும் பெட்ரோல் போதவில்லை என்பது பொருள். புகைவிட்டுத் தொண்டை கட்டியதுபோல் கரகரத்து மெல்ல எழுமாயின் பெட்ரோல் மிகுதி. இவ்வூசி செம்மையான பிறகே முழுவேகத்து ஊசியைத் தொட வேண்டும்; ஏனெனில் முழுவேகத்திலும் முதலூசி தன் பங்குப் பெட்ரோலைத் தந்துகொண்டேயிருக்கின்றது. முழுவேகத்தில் ஊசியைச் சிறிது சிறிதாக மூடுந்தோறும் ஒலி கூர்மையாகி வேகம் ஏறும். ஏறி உச்சத்தை எட்டும். அனுபவமில்லாதவன் அங்கே நிறுத்திவிடுவான், அதுவே பிழை. உச்சத்திலிருந்து நிமிஷத்திற்கு இருநூறு முந்நூறு சுற்றுக் குறையுமளவு ஊசியை மீண்டும் திறந்து விடுதல் வேண்டும். எண்ணெய் பெட்ரோலோடன்றோ உட்செல்கின்றது? பெட்ரோலைக் குறைத்தவன் எண்ணெயையும் குறைத்தவனாகின்றான். தரையில் நன்றாய்ப் பாடிய யந்திரம் வானத்திற் சூடேறி இறுகிப்போவது இதனால்தான்.

நம் பள்ளத்தாக்கின் நில அமைப்பு இப்பாடத்திற்கு ஒரு சோதனைச்சாலையாகவே உதவுகின்றது. தேனி கடல்மட்டத்திற்கு மேல் ஆயிரமடி அளவில் இருக்கின்றது. போடிமெட்டோ நாலாயிரமடிக்கு மேற்பட்டது. இடைப்பட்ட மலைப்பாதையை மோட்டார் வண்டியில் ஒருமணி நேர அளவிற் கடந்துவிடலாம். ஆயிரமடி ஏறுந்தோறும் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு மூன்று பங்கு வீதம் குறைகின்றது. தேனியிற் செவ்வையாகச் சுருதிசேர்த்த யந்திரம் போடிமெட்டில் பெட்ரோல் மிகுந்து புகைவிட்டுக் கரகரக்கும். ஊசியைச் சிறிது மூடினால் தெளியும். அப்படியே கீழே கொண்டுவந்து மறந்துபோய் முழுவேகத்தில் ஓட்டினாற் பிஸ்டன் இறுகும். வாயுவின் அடர்த்தியைப்பற்றி வகுப்பறையிற் பத்துப்பக்கம் எழுதுவிப்பதைக் காட்டிலும் இந்த ஒரு பிரயாணம் மாணாக்கன் மனத்தில் ஆழப்பதியும் என்பது எம் துணிபு.

மற்றொரு விஷயம் அண்மைக்காலத்தது. 2025ஆம் ஆண்டளவில் இந்நாட்டுப் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்து விற்பது பொதுவழக்காகிவிட்டது. கலப்பில்லாத பெட்ரோல் முற்றும் எரிவதற்கு எடையில் 14.7 மடங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 மடங்கே போதும். ஆதலின் பழைய அளவிலேயே ஊசியை வைத்திருப்பவனுடைய யந்திரம் இப்போது பெட்ரோற் பஞ்சத்தில் ஓடுகின்றது. அன்றியும் எத்தனால் காற்றிலுள்ள நீரை ஈர்க்கும். டயாபிரத்தையும் ரப்பர்க் குழாயையும் நாளடைவிற் கெடுக்கும். பறத்தல் முடிந்ததும் தொட்டியையும் கார்புரேட்டரையும் வற்றவிட்டு வைப்பதை விதியாகக் கொள்ளல் நலம். தோட்டத்து ஸ்பிரேயருக்கும் இதே விதி பொருந்தும். இச்சிறு செய்தியை மாணாக்கன் விடுமுறையில் வீட்டுக்குக் கொண்டுசென்றால், கல்லூரிக்குக் கட்டிய சம்பளத்தில் ஒரு பகுதியேனும் அவன் தந்தைக்குத் திரும்பிவரும்!

கல்லூரி மாணாக்கர்க்கு இது விளையாட்டன்றோ எனின், உலகில் முதன்முதலாக ரேடியோவினால் மாதிரி விமானத்தை நன்கு செலுத்திக் காட்டினாருட் குறிப்பிடத்தக்கவர் கல்லூரி மாணாக்கரே. அமெரிக்காவில் பாப்டிஸ்டு சபையார் நிறுவிய கலமசூக் கல்லூரியிற் பயின்ற வால்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைப்பிள்ளைகள் 1937இல் ‘கப்’ என்று பெயரிட்ட தங்கள் பெட்ரோல் விமானத்தை ரேடியோவினாற் செலுத்தினர். ஒருவர் விமானத்தைக் கவனித்தார். மற்றவர் ரேடியோவைக் கவனித்தார். அவர்கள் கற்றது பெரிய சர்வகலாசாலையிலன்று, நம்முடையதையொத்த ஒரு சிறு மதக் கல்லூரியில் என்பதை இங்கு நினைப்பூட்டுகின்றோம்.

ஊசியின் அருமையை உலகறியச் செய்தவர் மற்றோர் அமெரிக்கர், மேனார்டு ஹில் என்பவர். 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் தேதி நியூபௌண்ட்லாந்திலுள்ள கேப் ஸ்பியரினின்று அவரது விமானம் எழும்பி, 38 மணி 52 நிமிஷம் இடைவிடாது பறந்து, அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து அயர்லாந்துக் கரையில் இறங்கிற்று. எரிபொருளுடன் அதன் எடை 5 கிலோவுக்கு உட்பட்டது. அதில் ஏறக்குறையப் பாதி எரிபொருளே. சிறிது மிகுதியாகக் குடித்திருந்தால் கடலில் விழுந்திருக்கும்; சிறிது குறைவாகக் குடித்திருந்தால் யந்திரம் நின்றிருக்கும். முன்னர் அவர் விடுத்த விமானங்கள் பல கடலுக்கிரையாயின. அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு; கண்ணும் காதும் பெரிதும் மங்கியிருந்தன. இத்தகையாரைக் கண்டும், விசிறி நாலு சுற்றிற் பிடிக்கவில்லையென்று சலித்துக்கொள்ளும் இருபது வயது வாலிபர்களை என்னென்பது!

நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமலில்லை. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் கட்டிப் பறக்கவிடுதல் பயிற்சியின் ஒரு பகுதி. குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியின் ‘தக்ஷா’ மாணாக்கர் குழு, நடிகர் அஜித்குமாரை ஆலோசகராகக் கொண்டு, 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. அவர்கள் தலைநகரத்தார், கருவியும் பொருளும் உடையார். எம்மிடம் என்ன உண்டு என்று கேட்பார்க்கு எம் விடை, பள்ளத்தாக்கில் மெக்கானிக்குகள் உண்டு என்பதே.

இதுவே யாம் முக்கியமாகக் கருதுவது. போடியிலும் கம்பத்திலும் ஏலத்தோட்டக் கருவிகளைச் செப்பனிடும் கடைகளில், யந்திரத்தின் ஒலியைக் கேட்ட மாத்திரத்தில் எந்த ஊசியை எத்துணை திருப்ப வேண்டுமென்று சொல்லவல்ல பெரியவர்கள் இருக்கின்றனர். அவர்கள் கல்லூரிப் படியேறியவர்களல்லர். அவர்களைக் கல்லூரிக்கு அழைத்து, மேசைக்கு முன்னர் நாற்காலியிட்டமர்த்தி, ‘ஐயா, எங்களுக்குக் கற்பியுங்கள்’ என்று கேட்கும் துணிவு நமக்குண்டா? மின்மோட்டாரைக் கற்பிக்கக் கடைச்சீட்டே போதும். பெட்ரோல் யந்திரத்தைக் கற்பிக்க அவர்களே வேண்டும். அவர்களுடைய பிள்ளைகளோ நம்மிடம் பட்டம் பெறவந்து, தந்தையின் கைத்தொழிலைச் சொல்லிக்கொள்ளவும் நாணுகின்றனர். இந்நாணம் யாருடைய பாடத்திட்டத்தின் விளைவு என்பதை ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப்பார்ப்பாராக. கௌரவ ஊதியமின்றி வெறும் மாலையோடு அவர்களை அனுப்பிவிடுவதையும் யாம் ஒப்பமாட்டோம்.

அபாயத்தையும் மறைத்தலாகாது. சுழலும் விசிறி விரலைத் துண்டிக்கவல்லது. கையாற் சுழற்றாமல் தடித்த கையுறையோ, ரப்பருறையிட்ட கோலோ, மின் ஸ்டார்ட்டரோ கொள்க. விமானத்தை ஒருவர் பின்னின்று பிடித்துக்கொள்ள வேண்டும். விசிறி சுழலும் தளத்தில் ஒருவரும் நிற்கலாகாது. ஊசியைத் திருப்புவோர் விசிறிக்குப் பின்புறமிருந்தே திருப்ப வேண்டும். தீப்பொறியைத் தூரத்திலிருந்தே அணைக்கும் சுவிட்சு இல்லாத விமானத்தைக் கழகத்தார் அனுமதித்தல் கூடாது. இவற்றை ஏட்டில் எழுதிச் சுவரிலொட்டினாற் போதாது. பொறுப்பாசிரியர் ஒருவர் உடனிருத்தல் அவசியம்.

சட்டமும் அறியத்தக்கது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து டிரோன் விதிகளின்படி, கல்விக்கும் பொழுதுபோக்குக்குமாக, கண்பார்வைக்குள் செலுத்தப்படும் 25 கிலோவுக்கு மேற்படாதது மாதிரி விமானமெனக் கொள்ளப்படும். பசுமை மண்டலத்தில் 400 அடிவரை பறக்கலாம். ஆனால் மேகமலைப் பக்கமும் தேக்கடிப் பக்கமும் வனவிலங்குகளுக்கென ஒதுக்கப்பட்டவை, அங்கே செல்லற்க. 2023 மே மாதத்தில் அரிக்கொம்பன் என்னும் யானை கம்பம் நகருட் புகுந்து மக்கள் நடுங்கியபோது, அங்கே டிரோன் பறக்கவிட்ட ஒருவர்மீது நடவடிக்கை எடுக்கப்பெற்றதைப் பலரும் மறந்திரார்.

இடமும் காலமும் எவை எனின், பள்ளத்தாக்கின் வயல்கள் பெரியாற்று நீரால் இருபோகம் விளைபவை. இரண்டாம் போகம் அறுவடையான பிறகே வெற்று நிலம் கிடைக்கும். மே மாதக் கடைசியில் மலைக்கணவாய் வழியே மேல்காற்று எழுந்துவிடும். ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாடி யந்திரங்களுக்கு அது நன்று, நம் சிறு விமானத்துக்கு நன்றன்று. எஞ்சுவது ஏப்ரல் மாதத்துக் காலைப்பொழுதே. அது பரீட்சைக் காலமாயிருப்பது துரதிர்ஷ்டம். பரீட்சை முடிந்த மறுநாள் மாணாக்கரை ஊருக்கனுப்பிவிடாமல் மூன்று நாள் நிறுத்திவைக்கவும், உத்தமபாளையத்தருகே அறுவடையான வயலொன்றை உடையவரிடம் கேட்டுப்பெறவும், யந்திரம் ஒன்று வாங்குதற்குப் பழைய மாணவர் சங்கத்தார் கைகொடுக்கவும் பிரின்சிபால் அவர்களை வேண்டிக்கொள்கின்றோம். எண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் ஆகும் செலவை மாணாக்கரே பங்கிட்டுக்கொள்வர்.