கல்லில் ஏறாத பெயர்கள்

1942 ஜனவரியில் ஜப்பானியப் படை மூவார் ஆற்றைக் கடந்தபோது அதை எதிர்த்து நின்றது பிரிட்டிஷாரின் 45ஆவது இந்தியக் காலாட்படை பிரிகேட். மூவார், பக்ரி, பாரிட் சூலோங் என்று சில நாள்களுக்குள் அது சிதைந்துபோனது. அந்தப் போரில் கல்லறையின்றி மறைந்த சிப்பாய்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்துச் சுவர்களில் செதுக்கப்பட்டுள்ளன. அடுத்த ஆண்டு மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் எதிர்ப்பக்கத்துப் படையில் சேர்ந்தார்கள். 1943 அக்டோபர் 21இல் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் அறிவித்த சுதந்திர இந்தியத் தற்காலிக அரசின் படை அது. 1944இல் இம்பாலில் இந்தியரை இந்தியரே எதிர்த்து நின்றார்கள். தோற்றவர்களுக்காக 1945 ஜூலையில் சிங்கப்பூர்க் கடலோரத்தில் போஸ் அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷ் ராணுவம் வெடிவைத்துத் தகர்த்தது.

ஜப்பானின் கைப்பாவைகளுக்கு நினைவுச் சின்னம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. லேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல அது. சயாம் மரண ரயில்பாதைக்குத் தோட்டத் தமிழர்களை அள்ளிக்கொண்டு போய்க் காலராவுக்கும் பட்டினிக்கும் பலிகொடுத்தது அதே ஜப்பான்தான். ரயில்பாதைக்குத் தப்பவே சிலர் படையில் சேர்ந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் தோட்டத் தொழிலாளியின் கோபம் ஜப்பான் வருவதற்கு முன்பே மூண்டது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள்: சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடை மூடல். அவற்றோடு இன்னொன்று: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும். அதற்குப் பதிலாகத் துருப்புகள் வந்தன, உயிர்கள் போயின. சைக்கிளில் அமர்ந்து போகும் உரிமைக்காகப் போராடிய சமூகத்துக்கு, இரண்டே ஆண்டில் ஓர் அரசு துப்பாக்கியும் சீருடையும் கொடுத்து, வீரர் என்று அழைத்தது. கேப்டன் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் பால்வெட்டுப் பெண்களும் சேர்ந்தார்கள். அந்தப் பெண்களை ஜப்பானின் கைப்பாவை என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிட முடியாது.

அது இந்தியாவின் வரலாறு, நமக்கென்ன என்பது இன்னொரு வாதம். எனக்கு இது ஏற்புடையதல்ல. போருக்குப் பின் 1946இல் மஇகாவைத் தொடங்கிய ஜான் திவி அந்தச் சுதந்திர இந்திய இயக்கத்திலிருந்து வந்தவர். கெடாவில் தொண்டர் படை எழுந்ததும், தோட்டங்களில் தொழிற்சங்கங்கள் பெருகியதும் அதே ஆண்டுகளில்தான். தோட்டத்து மனிதன் நிமிர்ந்து நின்ற கதை மலேசியாவின் கதை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசு அரசுக்காகப் போரிட்டுத் தோற்ற சர்வதேச பிரிகேட் வீரர்களில் உயிரோடிருந்தவர்களுக்கு, அந்நாடு 1996இல் குடியுரிமை தர முன்வந்தது. அவர்களோ வெளிநாட்டார்; நம்மவர்கள் இந்த மண்ணிலேயே பால்மரம் சீவியவர்கள்.

குனோங் லேடாங் அடிவாரத்தில் சாகில், தங்காக் பக்கத் தோட்டங்களில் லயங்கள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. அங்கிருந்து படைக்குப் போனவர் யார், திரும்பாதவர் யார் என்பதைச் சொல்லக்கூடிய தடயங்கள் இனி குடும்பங்களின் தகரப் பெட்டிகளில்தான் இருக்கும்: ஒரு பழைய புகைப்படம், பின்புறம் மங்கிய மையில் ஒரு பெயர். வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளும் கோயில் நிர்வாகங்களும் சேர்ந்து ஒரு நோட்டைத் திறந்து அவற்றை எழுதத் தொடங்கலாம். இந்தத் தைப்பூசத்துக்குள் தொடங்கினாலும் தாமதம்தான்.